லிட்டில் இந்தியாவின் விட்டில்

2014ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனவன், பஃபலோ சாலைப் பூக்கடை ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். கடைக்குப் பக்கத்துத் தூணில் காய்ந்த இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் இலைக்குச் சிறகு இருந்தது. என் உள்ளங்கையை விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் மிச்சம் தெரியும், அவ்வளவு அகலம். காப்பிப் பொடியின் பழுப்பு. அதற்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு இழுத்தாற்போல் ஒரு வெள்ளைப் பட்டை. பின்சிறகுகளில் வால்.

"அக்கா, இது எப்ப வந்துச்சு?"

"ராத்திரி வெளக்கு போட்டப்பவே வந்துருச்சு தம்பி. தொட்டுடாதீங்க. செத்துப்போனவங்கதான் இப்படி வந்து பாத்துட்டுப் போவாங்கன்னு பக்கத்துக் கடைச் சீன அங்கிள் சொல்றாரு." மல்லிகைச் சரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கேட்டார்: "ஆமா, இது வண்ணத்துப்பூச்சியா, விட்டிலா? எங்கேருந்து வருது?"

சிராங்கூன் சாலையில் இரண்டு தமிழர்கள் புதிதாகச் சந்தித்தால் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு கேள்விகள் வந்துவிடும். யார் வீட்டுப் பிள்ளை? எந்த ஊர்? பூக்கார அக்கா பூச்சியைப் பற்றிக் கேட்டதும் இந்த இரண்டைத்தான். முதல் கேள்விக்கு விடை தேடும் துறையை வகைப்பாட்டியல் என்கிறோம். இரண்டாவதற்கு விடை தேடுவது உயிர்ப்புவியியல். தூணில் இருந்த விருந்தாளியை வைத்தே இரண்டையும் பார்த்துவிடலாம்.

மழை பொய்த்த பிப்ரவரி

அதன் பெயர் லிஸ்ஸா ஸாம்பா. சிறகு விரித்தால் பத்து முதல் பதினாறு சென்டிமீட்டர் வரை இருக்கும். சிங்கப்பூருக்கு இது புதியதல்ல. ஆண்டு முழுதும் அங்கொன்று இங்கொன்றாகத் தென்படும். மே முதல் ஆகஸ்ட் வரை சற்றுக் கூடுதலாக வரும். 2014இல் மட்டும் நகரமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் தாழ்வாரச் சுவர்கள், எம்ஆர்டி நிலையங்கள், அலுவலகக் கோபுரங்களின் கண்ணாடிகள் என எங்கும் பழுப்புச் சிறகுகள். அதே ஆண்டு மே மாதம் மலேசியாவின் குவாந்தானில், டாருல் மக்மூர் மைதானத்துக் காற்பந்தாட்டத்தின் நடுவே விளக்குக் கம்பங்களைச் சுற்றி இந்த விட்டில்கள், அதாவது அந்துப்பூச்சிகள், ஆயிரக்கணக்கில் மொய்த்தன.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சிங்கப்பூர் கடுமையான வறட்சியைக் கண்டிருந்தது. 2014 பிப்ரவரி, 1869இல் மழைக் கணக்கு தொடங்கியதற்குப் பின் வந்த மாதங்களிலேயே மிக வறண்டது. வறட்சியில் தடைபட்டு நின்ற வளர்ச்சி, மழை திரும்பியதும் ஒரே நேரத்தில் முடுக்கிவிடப்பட்டது. ஆண்டு முழுதும் சிதறி வெளிவர வேண்டிய பூச்சிகள் கும்பலாக வெளிவந்தன என்பது அப்போது பலர் சொன்ன விளக்கம். இதில் ஒரு தற்செயலும் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆர்தர் கார்டினர் பட்லர், இந்தப் பூச்சிக்கு ஸாம்பா என்று பெயர் வைத்து விவரித்ததும் அதே 1869இல்தான்.

வண்ணத்துப்பூச்சி என்று ஏமாந்தவர்கள்

"வண்ணத்துப்பூச்சியா, விட்டிலா" என்ற கேள்வியை எளிதாக எண்ணிவிட வேண்டாம். உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே இந்தக் கேள்வியில் சறுக்கியிருக்கிறார்.

1758இல் வந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில், செதில் சிறகுப் பூச்சிகள் எல்லாவற்றையும் அவர் மூன்றே பெட்டிகளில் போட்டார். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கு பாப்பிலியோ. அந்தியில் விர்ரென்று பறக்கும் பருத்த உடல்காரர்களுக்கு ஸ்ஃபிங்ஸ். மற்ற அந்துகளுக்கு ஃபலீனா. பாப்பிலியோவுக்குள் பெரிய, வால் வைத்த இனங்களை "வீரர்கள்" என்று பிரித்து, டிராய் போரின் மாந்தர் பெயர்களைச் சூட்டினார். அக்கிலீஸின் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸின் பெயர், மொலுக்காஸ் தீவுகளில் வாழும் ஒரு பழுப்பு நிற, வால் வைத்த பூச்சிக்குப் போனது. அது நம் தூண் விருந்தாளியின் உடன்பிறப்பு. இன்று லிஸ்ஸா பட்ரோக்ளஸ். அதாவது இந்தக் குடும்பத்துக்கு முதல் பெயர் வைக்கப்பட்டபோதே அது வண்ணத்துப்பூச்சிப் பட்டியலில்தான் ஏறியது.

அடுத்துச் சறுக்கியவர் லண்டன் சேகரிப்பாளர் ட்ரூ ட்ரூரி. பச்சை, நீலம், செம்பு, பொன் எல்லாம் ஒரே சிறகில் தகதகக்கும் பூச்சி ஒன்று அவர் கைக்கு வந்தது. சீனத்திலிருந்தோ வங்கத்திலிருந்தோ வந்ததாகச் சொன்னார்கள். 1773இல் அவரும் அதை பாப்பிலியோவில் சேர்த்தார். வகையும் தவறு, ஊரும் தவறு. அது மடகாஸ்கரில் மட்டுமே வாழும் அந்துப்பூச்சி. 1823இல் ஜெர்மானியரான யாகோப் ஹூப்னர்தான் அதை அந்துகளின் பக்கம் கொண்டுவந்து, கிரைசிரிடியா என்ற பேரினத்தில் வைத்தார்.

இவர்கள் ஏமாந்ததற்குக் காரணம் உண்டு. பகலில் பறக்கிறது, பளபளக்கிறது, வால் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? உணர்கொம்பைப் பார்த்திருக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தீக்குச்சி மருந்துபோலத் தடித்திருக்கும். தூணில் இருந்ததன் உணர்கொம்பு கடைசி வரை நூல்போல மெலிந்தே போனது. பூக்கார அக்காவின் முதல் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது: இது விட்டில்தான்.

காதைப் பார்த்துக் குடும்பம் சொல்வது

மீதிப் பாதி கடினம். எந்த விட்டில் குடும்பம்?

யூரேனிடே. அந்தக் குடும்பப் பெயரை 1815இல் சூட்டியவர் வில்லியம் லீச். யூரேனியா, கிரேக்கர்களின் வானியல் தேவதை. 2011இல் உலக வல்லுநர்கள் கூடித் தொகுத்த கணக்குப்படி இந்தக் குடும்பத்தில் 90 பேரினங்கள், 686 இனங்கள். அதன் அண்டை வீடான ஜியோமெட்ரிடே குடும்பத்தில், அதாவது முழம் போட்டு நடக்கும் புழுக்களின் குடும்பத்தில், 23,000 இனங்கள். பக்கத்து வீடு கல்யாண மண்டபம் என்றால் யூரேனிடே ஒற்றை அறை.

ஆனால் அந்த ஒற்றை அறைக்குள் இருப்பவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. நகத்தளவு சாம்பல் பூச்சியும் உள்ளங்கை அளவு லிஸ்ஸாவும் மடகாஸ்கரின் தங்கச் சிறகு கிரைசிரிடியாவும் ஒரே குடும்பம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நெடுங்காலம் வல்லுநர்களே நம்பவில்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து, அங்கே அந்துகளில் மனம் பறிகொடுத்து, பிறகு லண்டன் போய் இந்திய அந்துகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதிய ஜார்ஜ் ஹாம்ப்சன், சிறிய சாம்பல் பூச்சிகளைத் தனிக் குடும்பமாகவே வைத்தார்.

எல்லாரையும் ஒரு கூரையின் கீழ் சேர்த்தது ஒரு காது.

பல அந்துகளுக்குக் காது உண்டு. வௌவால் இருட்டில் இரை தேட எழுப்பும் மீயொலியைக் கேட்டு விலகுவதற்கான மெல்லிய செவிப்பறை அது. சில குடும்பங்களில் அது நெஞ்சில் இருக்கும், சிலவற்றில் வயிற்றில். யூரேனிடேயில் வயிற்றில்தான். ஆனால் ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு வேறிடம். பெண்ணுக்கு வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் அடிப்புறத்தில், முன்பக்கமாக இருக்கிறது. ஆணுக்கு அதே கண்டம் மூன்றாம் கண்டத்தோடு சேரும் பக்கவாட்டில். இருப்பிடத்தோடு அமைப்பும் மாறுகிறது. ஒரே இனத்து ஆணும் பெண்ணும் வெவ்வேறு இடத்தில் காது வைத்துக்கொள்வது மற்ற அந்துக் குடும்பங்களில் காணாத விந்தை.

இதை எல்லா யூரேனிடே பூச்சிகளும், பெரிதும் சிறிதும், பகலில் பறப்பதும் இரவில் பறப்பதும், ஒன்றுபோலக் காட்டுகின்றன. நிறம் வேட்டையாடியைப் பொறுத்து மாறும். அளவு உணவைப் பொறுத்து மாறும். இவ்வளவு விசித்திரமான காது மட்டும் தனித்தனியாகப் பல முறை தோன்றியிருக்க வழியில்லை. ஒரு மூதாதையிடமிருந்தே எல்லாருக்கும் வந்திருக்க வேண்டும். பாரிஸின் ஜோயல் மினேயும் லண்டனின் மால்கம் ஸ்கோபிளும் 1999இல் இந்தக் கூட்டத்தைப் பற்றி விரிவாக எழுதியபோது எல்லாரும் ஒரே குடும்பம், நான்கு துணைக்குடும்பம் என்று வைத்தனர்.

நான்கு வீடுகள்

பெரிய வீடு எபிப்ளெமினே. குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் இதில்தான். அநேகமாக எல்லாம் சிறியவை. ஓய்வில் முன்சிறகைப் பாய்போலச் சுருட்டி விரைப்பாக நீட்டிக்கொண்டு, பின்சிறகை உடலோடு ஒட்டிக்கொள்ளும். பார்ப்பதற்கு உதிர்ந்த சுள்ளித் துண்டு. ஹாம்ப்சன் தனிக் குடும்பமாக வைத்தது இவற்றைத்தான்.

இரண்டாவது மைக்ரோனினே. வெள்ளைச் சிறகில் பென்சில் கோடுகள் கிழித்தவை. இவற்றில் மைக்ரோனியா அக்யூலியேட்டா என்பதை நீங்கள் பார்த்திருக்கவே வாய்ப்பு அதிகம். தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் உண்டு. பகலில் புதரோரத்தில் காலடி பட்டதும் எழும்பி, நாலடி தள்ளிப் போய் மறுபடி சிறகு விரித்து உட்காரும். பின்சிறகின் குட்டி வாலில் ஒரு கறுப்புப் பொட்டு. இதன் புழுக்கள் எருக்குக்கு உறவான பால் கொடிகளைத் தின்பவை.

மூன்றாவது ஆஸெயினே, சிறிய வீடு.

நான்காவது யூரேனினே. லிஸ்ஸாவும் மடகாஸ்கர் தங்கச் சிறகும் இங்கேதான். வெள்ளையில் சாம்பல் கோடு போட்ட யூராப்டெராய்டிஸ் என்ற பூச்சியும் இங்கேதான். அதையும் மைக்ரோனியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் என்பீர்கள். ஆனால் அதற்கு நெருங்கிய உறவு பழுப்பு லிஸ்ஸா. மைக்ரோனியா வெறும் ஒன்றுவிட்ட உறவு. ஒரே நிறச் சட்டை போட்டவர்கள் எல்லாம் அண்ணன் தம்பிகள் ஆகிவிடமாட்டார்கள்.

இலை வரைந்த வரைபடம்

இனி அக்காவின் இரண்டாம் கேள்வி. எங்கேருந்து வருது?

யூரேனினே துணைக்குடும்பத்தின் உலக வரைபடம் விசித்திரமானது. யூரேனியா பேரினம் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரைக்கும், கரீபியத் தீவுகளிலும். கிரைசிரிடியா மடகாஸ்கரிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும். ஆல்சிடிஸ் நியூகினியிலும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும். லிஸ்ஸா வடகிழக்கு இந்தியா தொடங்கி, அந்தமான், மலாயா, போர்னியோ, பிலிப்பீன்ஸ் வழியாக நியூகினி வரை. இடையில் பெருங்கடல்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் லிஸ்ஸாவை ஊரில் பார்த்திருக்கமாட்டார்கள்.

சிதறிய இந்தப் புள்ளிகளை எது இணைக்கிறது? டேவிட் லீஸும் நீல் ஸ்மித்தும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, பூச்சியை விட்டுவிட்டுப் புழுவின் தட்டைப் பார்த்தது. பகலில் பறக்கும் மூன்று பேரினங்களின் புழுக்களும், அமெரிக்கா, மடகாஸ்கர், ஆஸ்திரேலியா எங்கிருந்தாலும், ஓம்ஃபாலியா என்ற ஒரே பேரினத்துச் செடிகளைத்தான் தின்கின்றன. ஆமணக்குக் குடும்பத்துக் கொடிகளும் மரங்களும் அவை. ஓம்ஃபாலியா இருக்கும் இடம்தான் அவற்றின் ஊர்.

அந்த இலை சும்மா கிடைப்பதில்லை. சர்க்கரையைப்போல வேடமிட்ட ஆல்கலாய்டுகள் அதில் உண்டு. சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளில் போய் அடைத்துக்கொண்டு, தின்ற விலங்கின் செரிமானத்தைக் கெடுப்பவை. யூரேனியா புழுக்கள் அதைத் தாங்கிக்கொள்வதோடு உடலில் சேர்த்தும் வைக்கின்றன. பகலில், பளபளப்பாக, பறவைகளின் கண்முன்னே பறக்கும் துணிச்சல் அங்கிருந்து வருவது.

செடியும் விடுவதாயில்லை. பனாமாவில் பல ஆண்டுகள் இந்தப் பூச்சிகளின் வலசையைக் கவனித்த ஸ்மித் சொன்ன கருத்து இது: தலைமுறை தலைமுறையாகப் புழுக்கள் மேய மேய ஓம்ஃபாலியா தன் நஞ்சை ஏற்றிக்கொள்கிறது, ஒரு கட்டத்தில் புழுக்களாலேயே தாங்க முடியாமல் போக, பூச்சிகள் இலட்சக்கணக்கில் புறப்பட்டு, மேயாத செடிகளைத் தேடிப் போகின்றன. மடகாஸ்கரிலும் தங்கச் சிறகு, மேற்கின் வறண்ட காடுகளிலுள்ள ஓம்ஃபாலியாவுக்கும் கிழக்கு மழைக்காட்டிலுள்ள ஓம்ஃபாலியாவுக்கும் இடையே பருவத்துக்கு ஏற்பப் போய்வருகிறது.

கடல் தாண்டி இவை எப்படிப் பிரிந்தன என்பதற்கு இரண்டு வழியில் விடை சொல்லலாம். தென்கண்டங்கள் ஒன்றாக இருந்த காலத்து மூதாதை, நிலம் பிரிந்தபோது தானும் பிரிந்திருக்கலாம். அல்லது பின்னாளில் பறந்து கடந்திருக்கலாம். மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆப்பிரிக்காவை விட்டு அதற்கும் மிக முன்பே. அந்துகளின் பெருங்கிளைகள் பலவும் அதற்குப் பிறகு தழைத்தவை. இலட்சக்கணக்கில் திரண்டு நெடுந்தூரம் பறக்கும் பூச்சியைப் பார்க்கையில், நான் பறந்தன என்னும் பக்கமே சாய்கிறேன். எப்படிப் போயிருந்தாலும், போன இடத்தில் இலை இருந்தால்தான் குடியேற்றம்.

மரம் கொண்டுவந்தவர்கள்

லிஸ்ஸா சற்று வேறு வழி போனது. அது பறப்பது இரவில், அதன் தட்டும் வேறு. சிங்கப்பூரில் அதன் புழு தின்பது எண்டோஸ்பெர்மம் மரத்தின் இலை. மலாயில் செசெண்டோக் என்பார்கள். செண்டோக் என்றால் கரண்டி. வேகமாக வளரும், இலேசான மரம். பழங்காட்டிலும் நிற்கும், வெட்டி அழித்த நிலத்தில் காடு மறுபடி எழும்போதும் வரும். இதுவும் ஆமணக்குக் குடும்பம்தான்.

ரப்பரும் அதே குடும்பம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளிலிருந்துதான் மலாயாத் தோட்டங்களின் கதை தொடங்குகிறது. அந்தத் தோட்டங்களுக்குப் பால் வெட்ட வந்தவர்களில் நம் பாட்டன் பூட்டன்கள் எத்தனை பேர்! இந்த நாட்டில் தமிழனையும் லிஸ்ஸாவையும் பிழைக்க வைத்தது ஒரே மரக் குடும்பம்.

ஆனால் மரம் மிச்சம் இருக்க வேண்டுமே. சிங்கப்பூரின் ஆதிக் காட்டில் தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது. கையே படாத முதற்காடு நிலப்பரப்பில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வண்டு பிடித்த புக்கிட் தீமாவும் மத்திய நீர்ப்பிடிப்புக் காடுகளும் வளர்ந்து வரும் இளங்காடுகளுமே லிஸ்ஸாவுக்குப் பிறந்த வீடு. பஃபலோ சாலையில் எண்டோஸ்பெர்மம் இல்லை. தூணில் இருந்தது அங்கே பிறந்ததல்ல. காட்டிலிருந்து கூரைகளுக்கு மேலாகப் பறந்து வந்தது.

வந்தது எதற்கு? விளக்குக்கு. விட்டில் விளக்கைக் காதலித்து விழுகிறது என்று நாம் நெடுங்காலம் சொல்லிவருகிறோம். 2024 ஜனவரியில் சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி குழுவினர் அதிவேகக் கேமராவில் பிடித்துக் காட்டியது வேறு. இரவிலும் வானம் தரையைவிட வெளிச்சமானது. ஆகவே பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்தே மேல் எது, கீழ் எது என்று அறிகிறது. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் அதையே வானம் என்று கொண்டு முதுகைத் திருப்புகிறது. திருப்பத் திருப்ப, விளக்கையே சுற்றிச் சுற்றி வருகிறது. அதற்குத் திசை கெட்டுப்போகிறது, அவ்வளவுதான். இரவெல்லாம் விளக்கு எரியும் சிராங்கூன் சாலையில் அதற்கு வானங்கள் ஏராளம்.

ஜமைக்காவில் காணாமல் போன வீடு

இந்தக் குடும்பத்தில் ஒரு சாவும் நடந்திருக்கிறது. ஜமைக்காவில் யூரேனியா ஸ்லோனஸ் என்றொரு இனம் இருந்தது. கறுப்பில் பச்சையும் நீலமும் சிவப்பும் மின்னும். இந்தக் குடும்பத்தின் பேரழகி என்பார்கள். அதைக் கடைசியாகப் பார்த்தது 1890களின் நடுவில். காடு துண்டானது. ஓம்ஃபாலியா கொத்துக்கள் ஒன்றுக்கொன்று தொலைவாகின. ஒரு கொத்தில் நஞ்சு ஏறினால் அடுத்ததற்குப் போய்ப் பிழைக்கும் பூச்சிக்கு, அடுத்தது இல்லாமல் போனது. கூட்டமாகத் தோன்றும் உயிருக்கு ஆபத்தே இல்லை என்று நாம் எண்ணுவோம். ஸ்லோனஸும் சில ஆண்டுகளில் கூட்டமாக வந்ததுதான்.

ஆகவே 2014இன் கூட்டத்தைக் கண்டு நிம்மதி கொள்ள நான் தயாராக இல்லை. அந்த ஆண்டு சுவர்களில் எண்ணிய பூச்சிகளைவிட, எண்ண வேண்டியது கரண்டி மரங்களை. ஒவ்வொரு இளங்காட்டையும் வெறும் புதர்நிலம் என்று கணக்கெழுதி வெட்டும்போது, லிஸ்ஸாவின் தட்டில் ஒரு பிடி குறைகிறது.

அன்று காலை அக்காவுக்கு நான் சொன்ன விடை சுருக்கமானது: "விட்டில்தான் அக்கா. நம்ம ஊர்ல இல்லாத இனம். இந்த ஊர்க் காட்டுப் பிள்ளை." அவர் தலையாட்டிவிட்டு, தூணில் சாய்த்து வைத்திருந்த வாளியைச் சற்று நகர்த்தி வைத்தார்.

அடுத்த மே மாதம் உங்கள் புளோக் சுவரில் ஒன்று வந்து உட்கார்ந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். முடிந்தால் தாழ்வார விளக்கை அணைத்து வையுங்கள். பகலெல்லாம் அது அசையாது. இருட்டியதும் கிளம்பிவிடும்.